போகாத கை

எழுத்து கோணலாக இருப்பதைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இடது கையால் எழுதுகிறேன். பிழைகளுக்கு மட்டும் கையைக் குறை சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. தை மாதம் சம்பா அறுப்பில் மெஷினுக்குள் ஈர வைக்கோல் சுற்றிக்கொண்டது. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்துப் பிடித்து இழுத்தேன். அவ்வளவுதான். புண் ஆறிவிட்டது, கைதான் போகவில்லை. அன்றைக்கு வைக்கோலைப் பிடித்த பிடியிலேயே இருக்கிறது. நகம் உள்ளங்கையில் குத்துகிறது. விரலைப் பிரித்துவிடலாம் என்று பார்த்தால், பிரிப்பதற்கு அங்கே விரல் இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது. தூக்கத்திலும் கை இறுக்கியது.

என்னோடு ஐந்தாவது வரை படித்தவன் ஒருவன், பண்ணை வீட்டுப் பிள்ளை, பட்டணத்துக் கல்லூரியில் தத்துவம் நடத்தியவன். பூர்வீக வீட்டை விற்க வந்து, வாங்க ஆள் அமையாமல் ஊரிலேயே தங்கியிருந்தான். மனசையும் உடம்பையும் பற்றி ஐரோப்பாக்காரர்கள் எழுதியதைத் தமிழில் விளக்கிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தான். அவன் என்னை ‘டா’ போடுவான். நான் ‘நீங்க’ என்பேன். ‘அவன்’ என்பதெல்லாம் இந்தக் காகிதத்தில்தான்.

என் விஷயம் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினான்.

“இல்லாத கை வலிக்குதாமே?”

“ஆமாங்க. சொன்னா சிரிக்கிறாங்க.”

“இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க. உன் கையைப் பத்தி அங்க பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்காங்கடா.”

பழைய காலத்து ஒருவர், மனசு வேறு உடம்பு வேறு என்றாராம். நரம்பு மணிக்கயிறு மாதிரி. நடுவில் இழுத்தாலும் மணி அடிக்கும்; நுனியை இழுத்ததாக மனசு ஏமாந்துபோகும். எனக்கு அதுவே சரியாகப் பட்டது. “அது போதாதுடா” என்றான். வெகுகாலம் கழித்து வந்த இன்னொருவர் அதை மறுத்திருக்கிறார். உடம்பு நாம் வைத்திருக்கிற சாமான் இல்லையாம். உலகத்தை நாம் பிடித்துக்கொண்டிருப்பதே அதனால்தானாம். நான் விழித்ததைப் பார்த்துவிட்டு, சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியைக் காட்டினான்.

“அந்த மம்பட்டியப் பாரு. என்ன தோணுது?”

“எடுக்கணும்னு.”

“எந்தக் கையால?”

நான் வலது பக்கம் குனிந்து பார்த்தேன். அவன் மேஜையைத் தட்டினான்.

“அதான்டா! மம்பட்டி இன்னும் அந்தக் கையக் கூப்பிடுது. வயலு கூப்பிடுது. கூப்பிடுற வரைக்கும் கை போகாது.”

இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் வழி சொன்னதில்லை. கூப்பிடுவது நின்றால் கை போய்விடும். வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

“வேளாங்கண்ணிக்கு நேந்தாச்சு, நாகூருக்கும் போயாச்சு. இப்ப வெள்ளக்காரன் புஸ்தகமா?” என்றாள் என் மனைவி. “அதுல தைலம் கிய்லம் எழுதியிருக்கான்னு கேட்டீங்களா?”

வயலைத் தம்பியிடம் ஒப்படைத்தேன். மண்வெட்டி, அரிவாள் எல்லாம் அவன் வீட்டுக்குப் போயின. குறுவை முழுக்க நீடாமங்கலத்தில் மகள் வீட்டில் இருந்தேன். அங்கேயும் சுற்றிலும் வயல்தான். தண்டவாளத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாக யாராவது பேசினால் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

ஐப்பசியில் திரும்பினேன். தம்பி வரப்புக்கு அழைத்துப் போனான்.

“பயிரு எப்படிண்ணே?”

முன்பெல்லாம் வரப்பில் கால் வைத்ததுமே வயல் பேசும். இங்கே தண்ணீர் தேங்குகிறது, அங்கே நண்டு வளை, இந்தப் பக்கம் பயிர் பசித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அன்று பச்சையாக இருந்தது. காலண்டர் படம் மாதிரி.

“நல்லாருக்கு.”

“என்னண்ணே, மேக்கால மூல மஞ்சளடிச்சுக் கெடக்கு. கண்ணு தெரியலயா?”

பார்த்தேன். மஞ்சளாகத்தான் இருந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கியது.

படித்தவனிடம் போய்ச் சொன்னேன்.

“அது வெளக்கம்டா. மருந்துன்னு நான் சொல்லலையே.”

“எழுதினவருக்கும் கை போயிருந்ததாங்க?”

“இல்லடா. அவரு ஆஸ்பத்திரிக் குறிப்பையெல்லாம் படிச்சு எழுதினாரு. நான் அவரப் படிச்சேன்.”

பிறகு, எனக்கு வயல் தெரியாமல் போனதற்கும் அதே புத்தகத்தில் விளக்கம் இருக்கிறது என்றான். நாம் பார்ப்பது வெறும் கண்ணால் இல்லையாம், வேலை செய்கிற உடம்பு முழுவதாலும் பார்க்கிறோமாம். புத்தகத்தில் அந்தப் பகுதியை அன்றைக்கு எனக்குச் சொல்ல வாய்க்கவில்லை என்றான். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று வாய்வரை வந்தது.

வயலைத் தம்பியிடம் திருப்பிக் கேட்கலாம். கொடுத்துவிடுவான். கேட்டு என்ன செய்ய? அவன் வீட்டுக்குப் போய் மண்வெட்டியையும் பார்த்துவிட்டு வந்தேன். வெறும் இரும்பும் கட்டையுமாகச் சாத்தியிருந்தது, கூப்பிடவில்லை.

பண்ணை வீட்டுக்கு ஆள் அமைந்துவிட்டது. படித்தவன் பட்டணத்துக்குப் போகும்போது, “எப்படி இருக்குன்னு எழுதி வைடா, புஸ்தகத்துக்கு ஆகும்” என்றான். இப்படித்தான் இருக்கிறது. இதை எழுதுகிற நேரத்திலும் வலது கை எதையோ இறுகப் பிடித்திருக்கிறது. பேனாவை இல்லை, அந்த ஈர வைக்கோலைத்தான்.

மார்கழி 19.