உப்புக் குழி

இது நான் கட்டிய கதை இல்லை. 2008 மாசி மாதம், கொமரலிங்கத்துக்குத் தெற்கே மலையடிவாரத் தோட்டம் ஒன்றில் எனக்கே நடந்தது. குடித்திருந்தாயா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கனவு கண்டிருப்பாய் என்பவர்கள் ஒரு சாயங்காலம் காட்டோரப் பரணில் உட்கார்ந்து பார்க்கட்டும். அங்கே இருக்கிற கொசுக்கடியில் தூக்கம் வந்தால்தானே கனவு வரும்!

அப்போது பெருமாநல்லூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழைக்க வந்த திருநெல்வேலிப் பக்கத்து ஆள் நான். முதலாளியின் தம்பி தரணீதரனுக்கு வேட்டைப் பைத்தியம். மானைத் தேடி அலைய வேண்டாம், அதைத் தானாகவே வரவைக்க ஒரு வழி உண்டு. காட்டோரம் குழி வெட்டி, உப்பையும் மண்ணையும் கலந்து கொட்டிவிட வேண்டும். ருசி கண்ட மான் திரும்பத் திரும்ப வரும். குனிந்து நக்கும்போது சுட்டுவிடலாம். சட்டப்படி குற்றம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ராபின், ஒரு மூட்டை கல்லுப்பு வாங்கிப் போட்டுட்டு வாங்க" என்றார்.

நான் வாங்கவில்லை. கடைக்கு அலைவானேன்? பட்டறைக்குப் பின்னால் மூட்டை மூட்டையாக உப்பு கிடந்தது. சாயக் கழிவுத் தண்ணீரை வெயிலில் காயவிட்டால் அடியில் தங்குகிற உப்பு. திரும்பச் சாயத்துக்கும் ஆகாது, வெளியே கொட்டவும் கூடாது. அதில் என்னென்ன கெமிக்கல் இருக்கிறது என்று ஸ்டோர்காரனான எனக்குத் தெரியாமல் இருக்குமா? சாகப்போகிற மானுக்கு எந்த உப்பாக இருந்தால் என்ன என்று ஒரு மூட்டையைத் தூக்கி ஜீப்பில் போட்டேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தோட்டத்தில் குழி வெட்டியவர் வெள்ளையன். அங்கேயே குடிசை போட்டுத் தரணியின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர். மூட்டையைப் பிரித்ததும் உப்பை ஒரு கை அள்ளினார். அது கொஞ்சம் பழுப்பாக இருந்தது. அவருக்கு அது பெரிதாகப் படவில்லை.

"ஏனுங் தம்பி, இது சோத்துக்கு ஆகுமுங்களா?"

தரணி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஆகாது என்று சொன்னால் ஏன் என்பார். என் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"ஆகும் அண்ணாச்சி. உப்புதானே" என்றேன்.

வெள்ளையன் சிரித்துக்கொண்டே துண்டில் கொஞ்சம் முடிந்துகொண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு வாரம் போனது. குழியில் மான் குளம்பு நிறையப் பதிந்திருக்கிறது என்று தகவல் வந்தது. தரணி துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். டார்ச் அடிக்க என்னைக் கூப்பிட்டார். மடத்துக்குளம் தாண்டும்போது சாதாரணமாகச் சொன்னார்.

"வெள்ளையன் உடுமலைல ஆஸ்பத்திரில கெடக்கறானுங்க. ஒரே வாந்தி. நேத்துல இருந்து நெனவே இல்லீங்களாமா. என்னத்தத் தின்னான்னு டாக்டருக்கே புரியலையாமா."

வெள்ளையன் துண்டில் முடிந்துகொண்ட உப்பு நினைவுக்கு வந்தது.

செல்போன் சட்டைப் பையில்தான் இருந்தது. இன்ன உப்பைச் சாப்பிட்டார் என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கேற்ற வைத்தியம் பார்ப்பார்கள், மனிதர் பிழைத்தாலும் பிழைப்பார். ஆனால் தரணிக்குத் தெரிந்துவிடும். வேலை போகும். உப்பு எதற்கு என்ற பேச்சு வந்தால் போலீஸ் வரைக்கும் போகும். திரும்பும்போது பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பாவி, இருந்துவிட்டேன்.

ஆறு மணிக்குக் குழிக்குப் பக்கத்தில் கட்டியிருந்த பரணில் ஏறினோம். ஆள் உயரப் பரண்தான். தரணி முன்னால், நான் பின்னால். வெள்ளையனின் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்ததால் குடிசை இருட்டாகக் கிடந்தது. பட்டியில் நாற்பது ஆடுகளாவது இருக்கும். ஒன்றுகூடக் கத்தவில்லை.

அப்போதே எனக்கு என்னவோ போல் இருந்தது.

இருட்டியது. பூச்சிகளின் சத்தம் ஒரேயடியாக நின்றது. மணி பார்த்தேன், ஆறு ஐம்பது.

சளப்... சளப்... சளப்...

குழிப் பக்கம். ஏதோ நக்குகிற சத்தம்.

"வந்துருச்சு. லைட்டு" என்று தரணி கிசுகிசுத்தார்.

டார்ச்சை அடித்தேன்.

குழியில் எதுவும் இல்லை.

ஆனால் சத்தம் நிற்கவில்லை. வெளிச்சம் விழுந்த இடத்தில் உப்பின்மேல் ஈரமாக ஒரு கோடு விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. எங்கள் கண்ணெதிரே... மறுபடியும் ஒன்று...

"அணைங்க... அணைங்க ராபின்!"

அணைத்தேன்.

சத்தம் நின்றது.

சருகு நொறுங்கியது. ஒரு அடி. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு அடி. நாலு கால் நடை இல்லை அது. இரண்டு கால்.

பரணுக்கு அடியில் வந்து நின்றது.

என் வலது கை பரணுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. இழுக்க நினைத்தேன். கை வரவில்லை.

விரல் நுனியில் ஈரம் பட்டது.

சூடாக இருந்தது.

நக்கியது... ஒவ்வொரு விரலாக... உள்ளங்கையை... விரல் இடுக்கை...

வீட்டில் ஆடு வளர்த்தவன் நான். ஆட்டு நாக்கு சொரசொரவென்று இருக்கும். இது வழவழவென்று இருந்தது. மூச்சில் வாந்தி நாற்றம் அடித்தது.

அலறினேன்.

தரணி சுட்டார். எதைச் சுட்டார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு பேரும் குதித்து ஜீப்புக்கு ஓடினோம். என் கை மணிக்கட்டு வரை நனைந்திருந்தது. கொழகொழவென்று எச்சில். அவிநாசிப்பாளையம் வரைக்கும் தரணி ஜீப்பை விரட்டினார். பிறகு, "வெளிய சொல்லிறாதீங்க" என்றார், அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கையைச் சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினேன். வேப்பெண்ணெய் தடவினேன். ஜெபம் செய்தேன். இத்தனையும் செய்தவன் போனை மட்டும் எடுக்கவில்லை. பேய்க்குப் பயந்ததைவிடத் தரணிக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறேன். இதை எழுதும்போதுகூட என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

விடியும்போது மனசு கேட்கவில்லை. முதல் பஸ்ஸில் உடுமலைக்குப் போனேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

வெள்ளையன் விடிகாலையில் இறந்துவிட்டார்.

அவர் மனைவி பெரியாத்தாள் பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னை அதற்கு முன் பார்த்ததில்லை. பட்டறையில் இருந்து வருகிறேன் என்றதும் எழுந்து கும்பிட்டார். அந்தக் கும்பிடை என்னால் தாங்க முடியவில்லை. பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"ரெண்டு நாளா நெனவில்லாமக் கெடந்த மனுசனுங்க. நேத்து வெளக்கு வெக்கற நேரத்துக்குத் திடீர்னு கண்ணு முழிச்சாரு. நாக்கால ஒதட்டத் தடவிக்கிட்டே இருந்தாரு. என்னங்கன்னு கேட்டேன். 'அந்தக் குழி உப்பு கசக்குது புள்ள. இந்தத் தம்பி கை உப்புத்தான் நல்லாருக்குது'ன்னாரு. அப்பறம் பேசவே இல்லீங்க..."

என் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங் கண்ணு... அது எந்தத் தம்பீன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியலம்மா" என்றேன்.