புள்ளி விழுந்த பூவன்

தனிமனித சுதந்திரத்தைப் பற்றித் தடிமனான புத்தகங்கள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். ஒரு மனிதன் வாழைப்பழத்தை எந்தப் பக்குவத்தில் தின்னலாம் என்பது பற்றி அவற்றில் ஒரு வரி கிடையாது. இருந்திருந்தால், எண்பதுகளில் பாப்பாரப்பட்டியில் எனக்கு நடந்த அநியாயத்தை எந்தப் பக்கத்தைக் காட்டியாவது எதிர்த்திருப்பேன்.

பூவன் பழம் கரும்புள்ளி விழுந்து, காம்பு தளர்ந்து, தொட்டால் கையோடு வந்துவிட வேண்டும். அதற்கு முன்னால் அது பழமல்ல, மஞ்சள் பூசிக்கொண்ட காய். இது என் ருசி. வெறும் ருசி. ஆனால் நம் ஜனங்களின் தீர்ப்பு வேறு. கொழகொழத்த பழத்தைத் தேடித் தின்கிறவனுக்கு வயிறு சரியில்லை. அவ்வளவுதான், மேல்முறையீடு கிடையாது.

அப்போது நான் அந்த ஊரில் குமாஸ்தா. என் அறைக்குக் கீழே ஒரு டீக்கடை. முன்னால் வாழைத்தார் தொங்கும், வேண்டியவர்கள் பிய்த்துக்கொள்ளலாம். கடைக்காரர் மட்டும் புள்ளி விழுந்த பழங்களை எனக்கென்று தனியாக எடுத்து வைப்பார். வியாபார சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். அது இரக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

பென்னாகரம் பக்கம் ஓர் இடம் அமைந்தது. போட்டோவில் அந்தப் பெண் பாதிச் சிரிப்போடு நிறுத்தியிருந்தாள். மீதியைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆகிவிட்டது. ஜாதகம் பொருந்தியதும், பெண்ணின் அப்பா என்னைப் பற்றி விசாரிக்க நேராக அந்த டீக்கடைக்கே வந்தார். குடியா, சீட்டா, கடனா என்று அவர் கேட்டதற்கெல்லாம் இல்லை இல்லை என்ற கடைக்காரர், கடைசியில் தன் மனசாட்சிக்காக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். சாயங்காலம் என்னிடமே பெருமையாகச் சொன்னார்:

"ஒண்ணையும் மறைக்கலீங்க சார். பையன் தங்கம், வயிறுதான் கட்டிக்குது, பழத்துலதான் ஓட்றாருன்னு சொல்லிட்டேன். நாளைக்குப் பேச்சு வரக்கூடாது பாருங்க."

வயிறு நன்றாகத்தான் இருக்கிறது, ருசிக்காகத் தின்கிறேன் என்றேன். "இதுல என்னங்க சார் வெக்கம்" என்று அவர் டீயை ஆற்றப் போய்விட்டார்.

பெண் வீட்டிலிருந்து வெகுநாள் தகவலே இல்லை. ஒருவழியாக வரச்சொன்னார்கள். எல்லோருக்கும் பஜ்ஜி வந்தது. எனக்கு மட்டும் ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர்.

"எண்ணெப் பலகாரம் உங்களுக்கு ஆவாதுங்களே" என்றார் பெண்ணின் அப்பா, மிகுந்த மரியாதையோடு.

பஜ்ஜியின் வாசனையில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை, புள்ளி விழுந்த பழம் எனக்குப் பிடிக்கும், பிடிப்பதால் தின்கிறேன் என்று சபையில் அறிவித்தேன். அவர் முகம் அப்போதுதான் நிஜமாகவே மாறியது.

"சீக்குன்னாக்கூட வைத்தியம் பாத்துக்கலாங்க. கறுத்த பழத்த ஆசப்பட்டுத் தின்றது என்னங்க பழக்கம்? எங்க வூட்ல அத மாட்டுக்குத்தான் வெப்போம்."

நோயாளிக்குப் பெண் கொடுக்கத் துணிந்த மனிதர், ரசிகனுக்குக் கொடுக்க யோசித்தார். சம்பந்தம் பஜ்ஜித் தட்டுக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. அப்போது உள்வாசல் பக்கமிருந்து குரல் வந்தது.

"அப்பா, எனக்கு நுனியில பச்ச இருந்தாத்தான் பிடிக்கும். கறுத்தத அவரு தின்னுக்கட்டும். சண்டையே வராதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்; மீதியைப் பார்த்துவிட்டேன். அந்த மயக்கத்தில், தர்க்க சாஸ்திரமெல்லாம் புரட்டிய எனக்கு அவள் வாதத்திலிருந்த ஓட்டை தெரியவில்லை. எந்தப் பழமும் நுனிப் பச்சையைத் தாண்டித்தானே புள்ளிக்கு வர வேண்டும்? தாண்ட விட்டால்தானே?

கல்யாணமான பின், நான் சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கிவந்த ஒரு சீப்புகூட என் வீட்டில் புள்ளியைக் கண்டதில்லை. கேட்டால், "உங்கள யாரு காத்திருக்கச் சொன்னா?" என்பாள். நியாயம் கேட்டவனுக்குக் கிடைத்த நியாயம் இது.

வேறு வழியில்லாமல் பழைய டீக்கடைக்கே போனேன். கடைக்காரர் உள்ளே போய், நன்றாகக் கறுத்த இரண்டு பழங்களை எடுத்துவந்து நீட்டினார். பிறகு பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "கல்யாணம் ஆகியுமா சார் சரியாவல?" என்றார்.

வாய் நிறையப் பழம். எதிர்த்துப் பேச வழியில்லை.