அக்கா, தம்பி, ஒரு மஞ்சள் குருவி

கண்ணாடிக்கடை அக்காவுக்குத் தெருவில் வைத்த பெயர் கொக்கு. வெளியே ஏதாவது சிறகடித்தால் போதும், கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருப்பவரைப் பாதி எழுத்தில் விட்டுவிட்டுக் கழுத்தை நீட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

வசந்தத்தில் குருவிகள் வடக்கே பயணம் போகும். வழியில் மழை பிடித்துக்கொண்டால் களைத்துப்போய்க் கிடைத்த இடத்தில் இறங்கும். ஊரே மழையைத் திட்டும்போது அக்கா முகத்தில் மட்டும் கல்யாணக் களை. ஒரு ஞாயிறு காலை கொட்டிய மழையில் அவர் கணவர் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. லாரி ஓட்டும் தம்பியைத்தான் ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

தம்பி ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். தகரக் கொட்டகையில் ஒதுங்கியதும் ஆரம்பித்தான்.

“இந்த மழையில குருவிகூட வெளிய வராதுக்கா. நாம வந்திருக்கோம்.”

“வாயை மூடுடா. மஞ்சள் வயிறு, கண்ணுக்கு மேல வெள்ளைக் கோடு. எத்தனை வருஷமா தேடுறேன் தெரியுமா?”

குளிருக்கு ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினார். ஆவி எழுந்து மூக்குக்கண்ணாடியை மூடிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மழைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று விழுந்தடித்து வந்து, தம்பி தோளில் சாத்தியிருந்த மடக்குக் குடையின் நுனியில் உட்கார்ந்தது.

“அக்கா,” என்றான் தம்பி. “மஞ்சளா ஒண்ணு உக்காந்திருக்கு. என்னையே பாக்குது.”

அக்கா பைனாகுலரைத் தூக்கினார். இரண்டடி தூரத்துக்கு அது எதற்கு ஆகும்? மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் தம்பியே தெரியமாட்டான். துடைக்கலாமென்றால் உடம்பில் உலர்ந்த துணி ஒரு விரல் அகலம்கூட இல்லை.

“கோடு இருக்கா? கோட்டைப் பாருடா!”

“இருக்கு, இருக்கு. அக்கா... தும்மல் வருது.”

“தும்முனே, கொன்னுடுவேன்!”

தம்பி மூச்சை அடக்கினான். முகம் தக்காளியானது. அக்கா கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியில் பொட்டளவு தெளிவு உண்டாக்கிய கணத்தில் கொட்டகை அதிர்ந்தது. அந்தப் பொட்டு வழியே அவர் கண்டது வெறும் குடை.

கடைக்குத் திரும்பியதும் அக்கா பொறுக்கமாட்டாமல் அவனைப் பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்து விசாரித்தார். கால் என்ன நிறம்? வாலை ஆட்டியதா?

“அதெல்லாம் யாருக்குக்கா தெரியும்? மூக்கு நுனியில ஒரு சொட்டுத் தண்ணி தொங்குச்சு. பாவம், மூச்சு வாங்குச்சு.”

அக்காவுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு விடியுமுன்பே கதவு தட்டப்பட்டது. வாசலில் தம்பி.

“மழை இல்லாட்டி வராதாக்கா?”

“வந்தாலும் வரும்.”

“அப்போ இன்னும் ஏன் நின்னுட்டிருக்க? கிளம்பு.”