மூன்றாவது உறை

கடப்பாக்கத்தில் எங்கள் நிலம் கடலை ஒட்டியது. மணலுக்குள் மழைத்தண்ணீர் மேலே நிற்கும், அதற்குக் கீழே உப்புத்தண்ணீர். அதனால் எங்கள் பக்கம் ஆழமில்லாத உறைகிணறுதான். மேலிருந்து மூன்றாவது சிமெண்ட் உறை கண்ணுக்குத் தெரிந்ததும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். பாதிக் கொல்லைப் பயிர் காய்ந்து கிடந்தாலும் சரி. மறுபடி ஊறிய பிறகுதான் மீதி. வரப்புக்காக அடித்துக்கொள்கிறவர்கள்கூட இந்த வழக்கத்தை மீறியதில்லை.

பாகம் பிரித்ததில் பக்கத்து நிலம் என் அண்ணனுக்குப் போனது. போன வருடம் அவர் அதில் ஆழமாக போர் போட்டார். கட்டட வேலைக்கும் விடுதிகளுக்கும் தண்ணீர் எடுக்க டேங்கர் லாரிகள் வரத் தொடங்கின. இந்தக் கோடையில் என் கிணறு உப்புக் கரித்தது. வேர்க்கடலை இலைகள் ஓரம் கருகின.

அண்ணன் எதிரில் எனக்குப் பேச்சு வராது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே லாரி நிரம்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் உப்பாகிவிட்டது என்றேன்.

“கடலாண்ட குந்திகினு கரிக்குதுன்றியே. பின்ன சக்கரையாட்டம் இனிக்குமா?”

லாரி டிரைவர் சிரித்தார். அண்ணன் வீட்டு வாசலில் கடையில் வாங்கிய தண்ணீர் கேன்கள் இருந்தன. அதைப் பார்த்ததும் எப்படியோ பேச்சு வந்தது.

“உன் போர் தண்ணிய நீயே குடிக்கறது இல்லியா, அண்ணாத்த?”

அவர் கோபப்படவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மெதுவாகச் சொன்னார். “நான் நிறுத்துனா அந்தாண்ட கொல்லக்காரன் நிறுத்துவானா? அவன் உறிஞ்சறத நான் வேடிக்க பாத்துகினு இருக்கணுமா?”

திரும்பிவிட்டேன்.

இன்னும் ஒரு தண்ணீர் விட்டால் காய் முற்றிவிடும் என்றாள் மனைவி. எங்களுக்கு இந்த வருடத்துச் சோறே அந்தக் காய்தான். ஆனால் இறைக்க இறைக்க உப்பு மேலே ஏறும். மண்ணிலும் தங்கும். பிறகு என் மகள் இதில் எதை விதைப்பாள்?

கிணற்றை எட்டிப் பார்த்தேன். மூன்றாவது உறை தெரியவில்லை. வழக்கப்படி மோட்டார் போடலாம். நான் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மனைவி கொல்லைக்குள் போய் ஒரு செடியைப் பிடுங்கி உதறினாள். ஒரு காயை உடைத்துப் பார்த்தாள், உள்ளே பருப்பு பிடிக்கவில்லை. செடியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

நான் இறைக்காமல் விடும் தண்ணீரும் வேலிக்கு அந்தப் பக்கம்தான் போகும். தெரிந்துதான் பிடுங்கினேன். அங்கே அடுத்த லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது.