குடிக்காதவனுக்குக் கட்டிய கயிறு

செல்வம் என்று ஊர் கூப்பிடும் செந்தமிழ்ச்செல்வனின் வலது மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு இருந்தது. நெல்லிக்குப்பம் சுற்றுவட்டாரத்தில் அந்தக் கயிற்றுக்குக் கிடைத்த மரியாதை, அதைக் கட்டியிருந்த ஆளுக்கு அதற்கு முன்பு ஒரு நாளும் கிடைத்ததில்லை. குடியை விட்டவன் என்று அதற்கு அர்த்தம். சாமி முன்னால் சத்தியம் செய்து, பூசாரி கையால் கட்டிக்கொண்டால், கயிறு கையில் இருக்கும்வரை ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாது. செல்வம் இரண்டு வருஷமாகத் தொடவில்லை. அதற்கு முந்தைய முப்பத்தாறு வருஷமும் தொட்டதில்லை. பீர் வாசனைக்கே அவனுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

அவன் இழுத்தது கஞ்சா. பதினான்கு வருஷப் பழக்கம். காலையில் ஒன்று, பதினொரு மணி டீக்குப் பிறகு ஒன்று, சாயங்காலம் எத்தனை என்று அவனுக்கே தெரியாது.

கயிறு வந்த கதையைக் கேட்டால் சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியாது. அவன் மனைவி வினோதினி கடலூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறவள். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, தெரியாத்தனமாகத் தம்பி கலைமணியிடம் சொன்னாள். கலைமணி சிதம்பரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். போனைத் திறந்துகூடப் பார்க்காமல் “போர்டு போயிடுச்சு” என்று சொல்லும் ரகம். இதற்கும் திறந்து பார்க்காமலே வழி சொன்னான்.

“கஞ்சான்னு எவன்கிட்டயும் மூச்சு உடாத மாமா. போலீஸ் கேஸாயிடும். குடின்னு சொல்லிக்குவோம். ஊர்ல எவன் குடிக்கல, ஒருத்தனும் தப்பா நெனைக்க மாட்டான். கோயில்ல ஒரு கயித்தக் கட்டு, எல்லாம் தானா நின்னுடும்.”

ஏதோ ஒரு அம்மன் கோயிலுக்கு அவனே கூட்டிப் போனான். பூசாரி, “பிராந்தியா, பீரா?” என்று கேட்டார். கலைமணி, “எல்லாந்தான் சாமி” என்றான். இனி குடிக்க மாட்டேன் என்று செல்வம் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம்; இவர்கள் சாமிக்கே பரிமாறினார்கள். அன்று சாயங்காலமே கரும்புக் கொல்லை ஓரம் உட்கார்ந்து செல்வம் வழக்கம்போலப் பற்றவைத்தான். சத்தியத்தை மீறியதாக அவனுக்குத் தோன்றவில்லை. வாக்குத் தவறாத மனிதன்.

அதன்பிறகு அவனுக்கு வந்த மவுசு இருக்கிறதே, கொஞ்சநஞ்சமல்ல. கல்யாண வீட்டில் பந்தலுக்குப் பின்னால் ஒதுங்கியவர்கள் அவன் கயிற்றைப் பார்த்ததும் டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். அவன் ஓட்டிய ஜேசிபி வண்டியின் ஓனர் சபாபதி, தினமும் காலையில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து “ஊது” என்பார். மூக்கை நீட்டி மோந்து பார்ப்பார். செல்வத்திடம் வரும்போது மட்டும் தோளில் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். “இவன் உத்தம புருஷன்டா. பாத்துக் கத்துக்குங்க.” அந்த மூக்குக்குச் சாராயம் ஒன்றுதான் நாற்றம். உத்தம புருஷன் கண் சிவந்து, உதடு காய்ந்து நின்றதெல்லாம் வெயில் என்று கணக்கில் போனது.

செல்வத்துக்கும் அந்தப் பட்டம் பிடித்துப்போயிற்று. குடிகாரர்களைப் பார்த்தால் அவனுக்கு ஏளனம். தன்னுடையது மூலிகை, வாந்தி இல்லை, சண்டை இல்லை, தெருவில் வேட்டி அவிழ்ந்து கிடப்பதில்லை. நினைத்தால் நாளைக்கே விட்டுவிடலாம். இந்த நாளை என்பது பதினான்கு வருஷமாக வராத ஒரு நாள்.

போன புரட்டாசியில் மழைக்கு முன்னால் அண்ணாகிராமம் பக்கம் வாய்க்கால் தூர்வாரும் வேலை. ஜேசிபியின் பக்கெட் எட்டாத மூலையில் சேறும் வேரும் எடுக்க ஆண்டி என்பவர் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கி நிற்பார். ஐம்பத்தைந்து வயது. ராத்திரி குடித்தால்தான் தூக்கம் வரும், ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மண்வெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினால் ‘உள்ளே நிற்கிறேன்’ என்று அர்த்தம். கீழே இறக்கினால்தான் செல்வம் லீவரைத் தொட வேண்டும். இது அவர்கள் இருவருக்குள் இருந்த ஏற்பாடு.

ஒருநாள் பதினொரு மணி டீ முடிந்து, புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டு வந்து, செல்வம் வண்டியில் ஏறினான். ஆண்டி மண்வெட்டியைத் தூக்கினார். செல்வம் பார்த்தான். பார்த்தான் என்பதுதான் கேவலம். தூக்கிய மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டே, அதற்கு என்ன அர்த்தம் என்பது வந்து சேர்வதற்குள் கை லீவரைத் தள்ளிவிட்டது. பக்கெட் ஆண்டியின் தலைத்துண்டை மட்டும் பறித்துக்கொண்டு சேற்றில் இறங்கியது. ஒரு சாண் தள்ளியிருந்தால் துண்டோடு போயிருக்காது.

ஆண்டி சேற்றிலிருந்து ஏறி வந்தார். ஏறி வந்து என்ன சொன்னார் தெரியுமா?

“மன்னிச்சிக்க தம்பி. நான்தான் சரியா காட்டல போல. ஓனர்கிட்ட சொல்லிடாத.”

கயிறு கட்டிய ஆள் தப்புச் செய்ய மாட்டான் என்று அந்த மனுஷன் தன் கண்ணையே நம்பவில்லை. செல்வம் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அதற்குள் யாரோ போன் செய்து சபாபதி வந்துவிட்டார். வந்தவர் செல்வத்தை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் ஆண்டியிடம் போனார். “ஊது.” முதல்நாள் ராத்திரியின் நாற்றம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவ்வளவுதான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். ஆண்டியை அங்கேயே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். துண்டில்லாத தலையோடு அவர் ரோட்டில் நடந்து போவதை வண்டியின் உயரத்தில் உட்கார்ந்து செல்வம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் வந்து வினோதினியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்தவில்லை. “அடுத்த தடவ துண்டு தப்பாது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றாள்.

எங்கே போவது என்பதில் இரண்டு வாரம் போனது. போகாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. கடலூர் ஆஸ்பத்திரியா? அங்கே தெரிந்த முகம் ஜாஸ்தி. புதுச்சேரியில் பிரைவேட் டாக்டரா? அவரிடமும் கஞ்சா என்றுதானே சொல்லவேண்டும். கலைமணி தன் பங்குக்கு ஒரு போதை மறுவாழ்வு ஹோமின் நோட்டீஸை வாட்சப்பில் அனுப்பினான். எல்லோரும் யோகா செய்துகொண்டு சிரிக்கும் போட்டோ. அந்த நம்பருக்குச் செல்வம் கூப்பிட்டால், “ஆளு ஒத்துக்க மாட்டேங்குறாரா? கவலப்படாதீங்க சார், நாலு பசங்கள அனுப்பித் தூக்கிட்டு வந்துடுவோம். மூணு மாசம் கேட்டத் தொறக்க மாட்டோம்” என்று ஒருவன் கறிக்கடைக்காரன்போலத் தைரியம் சொன்னான். தூக்கப்படவேண்டிய ஆளே பேசுகிறான் என்பது அவனுக்குத் தெரியாது. செல்வம் போனை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்ப் பற்றவைத்தான்.

“சிதம்பரத்துல பெரிய ஆஸ்பத்திரியில மனநல ஓபி இருக்கு. அங்க எழுதற மருந்துச் சீட்டு எங்க கடைக்கு தெனம் வருது” என்றாள் வினோதினி. “சீட்டு போடணும், ஒக்காரணும், வாயத் தொறந்து சொல்லணும். மூணே வேல. அதுல மூணாவதுதான் உங்களால ஆவாது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டியே வீட்டுக்கு வந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, செல்வத்தின் மணிக்கட்டையே பார்த்தார்.

“எனக்கும் அந்தக் கயித்தக் கட்டி உடு தம்பி. என் குடியாலதான அன்னிக்கு உனக்குக் கெட்ட பேரு வரப் பாத்துது. நேத்துலேர்ந்து தொடல. கயிறு கட்டிட்டேன்னு தெரிஞ்சா ஓனரு திரும்ப சேத்துக்குவாரு.”

அவருக்குக் கொடுத்த தண்ணீர் டம்ளர் கையில் நிற்கவில்லை, வேட்டியெல்லாம் தண்ணீர். வினோதினி அந்தக் கையைப் பார்த்தாள்.

“இதுக்குக் கயிறெல்லாம் ஆவாது, பெரியவரே. ரொம்ப நாளு குடிச்சிட்டு சட்டுனு நிறுத்துனா ஃபிட்ஸ் வரும். டாக்டருகிட்டதான் போவணும்.” பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். “நாளைக்கிக் காலையில நீங்களே கூட்டிட்டுப் போங்க. குடிய உட்ட ஆளாச்சே, வழி தெரியும்.”

பதினாறு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் அவனை அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. அதற்கு அவன் செருப்படி வாங்கியிருக்கலாம்.

திங்கட்கிழமை காலை சிதம்பரம் பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் ஆண்டி கேட்டார்.

“உடும்போது உனக்கு எப்பிடி இருந்துச்சு தம்பி?”

“மொத வாரம் கஷ்டமா இருக்கும். அப்பறம் பழகிடும்” என்றான் செல்வம். இப்படியும் ஒரு பிறவி. சாகக் கிடந்து தப்பிய மனுஷன் வழி கேட்கிறான், இவன் போகாத ஊருக்கு வழி சொல்கிறான். ஆண்டி அதை மனசுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டதுபோலத் தலையாட்டினார்.

மனநல ஓபியில் பத்துப் பன்னிரண்டு பேர் பெஞ்சில் இருந்தார்கள். டாக்டரிடம் அனுப்புவதற்கு முன் விசாரித்து எழுதிக்கொள்ளும் கவுன்சிலர் எழிலரசி, முப்பது வயதுப் பெண், “யாருக்குப் பாக்கணும்?” என்றாள்.

“எனக்குத்தாம்மா” என்று ஆண்டி முந்திக்கொண்டார். “இவரு கூட்டிட்டு வந்தாரு. இவரு குடிய உட்டு ரெண்டு வருஷம் ஆவுது. இன்னிக்கி வரைக்கும் ஒரு சொட்டு கெடையாது.”

செல்வத்தின் கையைப் பிடித்துத் தூக்கி, கயிற்றை அவளுக்குக் காட்டினார். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

“ரொம்ப நல்லதுங்க. சார், ஒரு உதவி பண்றீங்களா? பெஞ்சுல ஒக்காந்திருக்கறவங்கள்ல பாதிப் பேரு குடிய உடணும்னு மொத தடவ வந்தவங்க. நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க. எப்பிடி உட்டீங்கன்னு நீங்க ரெண்டு வார்த்த சொல்லுங்களேன்.”

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவனுக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. இன்னொருவன் பக்கத்தில் அவன் தாய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேவலமென்று செல்வம் ஆயுசு முழுக்க ஒதுக்கிவைத்த ஜனம். அத்தனை பேரும் இன்ன நோய்க்கு வந்திருக்கிறோம் என்று பேர் சொல்லிச் சீட்டு வாங்கியிருந்தார்கள். அதைக்கூடச் செய்யாதவன் அங்கே ஒரே ஒருத்தன்தான். அவனைத்தான் எழுந்து நின்று பேசச் சொல்கிறார்கள்.

“நான் குடிச்சதே இல்லம்மா” என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

“கயிறு பொய்யி. நான் இழுக்கறது கஞ்சா. பதினாலு வருஷமா. இன்னிக்கிக் காலையிலகூட இழுத்துட்டுத்தான் பஸ் ஏறுனேன்.” குரலைத் தாழ்த்தினான். “போலீசுக்குச் சொல்லிடுவீங்களா?”

“இது ஆஸ்பத்திரிங்க. வைத்தியத்துக்குன்னு வந்தவர போலீசுல புடிச்சிக் குடுக்கறது எங்க வேல இல்ல” என்று சொல்லிவிட்டு அவள் இன்னொரு தாளை எடுத்தாள். “பேரச் சொல்லுங்க. நல்லா தூக்கம் வருதா?”

இரண்டு வருஷம் ஊரைக் கூட்டி மறைத்த சமாச்சாரம் இரண்டு வரியில் எழுதி முடிந்துவிட்டது. அவன் பேரைச் சொன்னான், வயதைச் சொன்னான். என்ன வேலை என்று கேட்டாள். ஜேசிபி ஓட்டுகிறேன் என்றான். அவளுடைய பேனா ஒரு நிமிஷம் நின்றது. “டாக்டர் சொல்ற வரைக்கும் வண்டியில ஏறக் கூடாது” என்றாள்.

பிடித்திருந்த கையை ஆண்டி எப்போது விட்டார் என்று செல்வத்துக்குத் தெரியாது. அவர் மெதுவாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்: டீ, புளியமரம், மண்வெட்டி.

“அன்னிக்கி டீக்கு அப்பறம் இழுத்தியா?”

“இழுத்தேன்.”

“அப்ப நான் மண்வெட்டிய சரியாத்தான் காட்டுனனா?”

“சரியாத்தான் காட்டுனீங்கண்ணே. நான் பாத்தேன்.”

ஆண்டி அவனைத் திட்டவில்லை. எழுந்து ஒரு ஆள் இடம் தள்ளி உட்கார்ந்தார். நடுங்கும் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“ஓனருக்குப் போன் போடு. என் காதுக்குக் கேக்கற மாரி போடு.”

போட்டால் வேலை போகும், பட்டம் போகும், நெல்லிக்குப்பம் முழுக்கச் சிரிக்கும். போடாமல் இருக்க ஒரு காரணம் தேடினான். பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக அவனுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. நம்பரை அமுக்கி ஸ்பீக்கரில் போட்டு இருவருக்கும் நடுவில் பெஞ்சின் மேல் வைத்தான். இரண்டாவது மணியிலேயே சபாபதி எடுத்தார்.

“சொல்லுப்பா உத்தம புருஷா. இன்னிக்கி என்னா லீவு போட்டுட்ட?”

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ஆண்டி சிரிக்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். செல்வம் குனிந்து பேச ஆரம்பித்தான்.