ஆறு ஒன்றுகள்

வெயிலில் நின்ற காரைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் சூடான ரெக்சின் வாசனையும், முதல்நாள் வாங்கி வந்த மீனின் மிச்ச நாற்றமும் கலந்ததுதான் எங்கள் பழைய நீலக் காரின் மணம். மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் ஆறு பேரும் அதில்தான் அடைந்துகொண்டு போவோம். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, அப்பா சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போவதென்றும், காரைக் காப்பாரில் இருக்கும் சித்தப்பாவிடம் கொடுத்துவிடுவதென்றும் முடிவானது. அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. சண்டை போடவில்லை, அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். “அப்பாவ சாப்பிடச் சொல்லு” என்று எங்களில் யாரையாவது அனுப்புவார். இப்படியே போனால் அப்பா திரும்பி வருவாரா என்று எங்களுக்குப் பயம்.

அப்போதுதான் அக்கா காரின் மீட்டரைக் கவனித்தாள். ஆறு ஒன்றுகள் வரிசையாக வர முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான் பாக்கி. கணக்கென்றால் சோறு தண்ணீர் மறந்துவிடும் அவள், அந்த 111111-ஐ வகுத்துப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். கடைக்குட்டியின் மூன்று, தம்பியின் ஏழு, என் பதினொன்று, அவளுடைய பதின்மூன்று, அம்மாவின் முப்பத்தேழு, யார் வயதால் வகுத்தாலும் மீதியில்லை. அந்த ஐந்தையும் பெருக்கினால் அதே எண்தான் வருகிறதாம். என் பங்குக்கு 10101 வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாதம் எனக்குப் பன்னிரண்டு ஆகிவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். கார் கைமாறுவதற்குள், எல்லோரும் உள்ளே இருக்கும்போது அது வந்தே ஆகவேண்டும் என்று அப்பாவை நச்சரித்தோம்.

“பெட்டி கட்டுற நேரத்துல மக்கான் ஆங்கினா? போங்க லா,” என்றார் அப்பா. சும்மா ஊர் சுற்றுவதற்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவின் குரல் வந்தது. “பந்திங் பாசார்ல மீன் நல்லா இருக்காம். போலாம்.”

பந்திங் முப்பது கிலோமீட்டருக்கு மேல்; கிள்ளானில் இல்லாத மீனா? அப்பா மறுபேச்சில்லாமல் சாவியை எடுத்தார்.

செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, கடைசிப் பூஜ்யம் மெல்ல மேலேறி ஒன்றாக மாறியதும் அப்பா காரை ஓரங்கட்டினார். அக்கா வகுத்தல்களையெல்லாம் ஒப்பித்து முடித்தபோது தம்பி கேட்டான்: “அப்பாவுக்கு எவ்ளோ?”

அக்கா முன்பே அதைப் போட்டுப் பார்த்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. “அப்பாவுக்கு நாப்பத்தொன்னு. மீதி ஒன்னு வருது,” என்றாள் கடைசியில்.

“எனக்கு மட்டும் சரியா வரல போல,” என்று அப்பா ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி சிரித்தார்.

அம்மா மடியிலிருந்த கடைக்குட்டியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, அத்தனை நாளில் முதல்முறையாக அப்பாவை நேராகப் பார்த்தார்.

“ஒன்னுதானே மீதி. அத நான் வச்சிக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க.”

அப்பா போனார்; சில வருடங்களில் வந்தும் சேர்ந்தார். இப்போது என் காரில் எண்கள் உருளுவதில்லை, திரையில் சட்டென்று மாறிவிடுகின்றன. அந்தச் செம்பனைகள் நின்ற இடத்தில் பாதி தாமான் குடியிருப்பு வீடுகளாகிவிட்டது. அம்மாவும் இல்லை. கிள்ளான் வீட்டில் அப்பா தனியாக இருக்கிறார். சனி ஞாயிறென்றால் நாங்கள் நால்வரில் ஒருவராவது அங்கே போய்விடுகிறோம். யார் போவது என்று ஒருநாளும் பேசி வைத்துக்கொண்டதில்லை. அம்மா வைத்திருந்த மீதியை இப்போது நாங்கள் வைத்திருக்கிறோம்.