புடவைச் சுவருக்குள் வெயில்

மூத்தவளைச் சுமந்த மாதங்களில் நான் வெயிலைப் பார்த்ததாகவே நினைவில்லை. ஓசூரில் கடிகார உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. இருட்டில் பஸ் ஏறுவேன். ஜன்னல் இல்லாத கூடத்தில் பகல் முழுக்க டியூப் லைட். ஓவர்டைம் முடிந்து திரும்பும்போதும் இருட்டியிருக்கும். உத்தனப்பள்ளியில் கேழ்வரகுக் காட்டில் காய்ந்து கறுத்த என் அம்மாவுக்கு அதில் பெருமை. நிழலிலேயே இருந்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பாள். சிவப்பாகத்தான் பிறந்தாள். நடக்கத் தொடங்கியபோது இரண்டு கால்களும் வில்லாக வளைந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் காலைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத்தான் விசாரித்தார். வயிற்றுப் பிள்ளைக்கு வைட்டமின் டி தாயிடமிருந்துதான் போக வேண்டும், உன்னிடம் இல்லாததை எப்படிக் கொடுப்பாய் என்றார். அவளுக்குச் சொட்டு மருந்து எழுதினார். கால் மெல்ல நேராகும் என்றார். அப்போது நான் வேலையை விட்டு, இரண்டாவதைச் சுமந்துகொண்டிருந்தேன். எனக்கு மாத்திரை கொடுத்தவர், “காலையில ஒரே மூடுபனி, அந்த வெயில் பத்தாது. மத்தியான வெயில் கை கால்ல படணும். இந்தப் பிள்ளைக்காவது குடும்மா” என்றார்.

எங்கள் லைன் வீட்டில் வரிசையாக ஒற்றை அறைகள். வெயில் விழுவது பின்பக்கம் மட்டும். அதற்கு எதிரே, ரோட்டோரம், மத்தியானத்தில் இரண்டாம் ஷிப்ட் ஆண்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார்கள். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். நானோ யாராவது கூப்பிட்டாலே தலை குனிகிறவள். வயிற்றோடு, புடவையை முட்டிவரை ஏற்றிக்கொண்டு அங்கே எப்படி உட்காருவது? கதவு வரை போய்த் திரும்பிவிடுவேன். திரும்பினால் கண்ணில் படுவது மூத்தவளின் கால்.

பக்கத்து அறை அக்காவுக்கு வீட்டில் கன்னடம். எங்களோடு பேசும்போது இரண்டும் கலந்து வரும். நான் கதவுக்கும் அறைக்கும் நடப்பதைச் சில நாள் பார்த்துவிட்டு, “ஏன் தங்கி, சூரியனுக்கே நாச்சிகெ இல்ல, உனக்கு எதுக்கு வெட்கம்?” என்றாள்.

மறுநாளிலிருந்து லைன் பெண்கள் துவைப்பதை மத்தியானத்துக்குத் தள்ளிப்போட்டார்கள். நான்கு பக்கமும் கயிறு கட்டி ஈரப் புடவைகளைத் தொங்கவிட்டார்கள். நடுவில் ஒரு பாய், எனக்கும் மூத்தவளுக்கும்.

அந்த அறைக்கு வானம்தான் கூரை. மஞ்சளும் ஊதாவும் பச்சையும் எங்கள் கால்மேல் அசைந்துகொண்டே இருக்கும். சோப்பு வாசனை. புடவை நுனியிலிருந்து சொட்டும் நீர் மண்ணில் விழும் சத்தம். நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. வயிற்றில் பிள்ளை மெல்லப் புரளும், அதுவும் வெயிலுக்கு முதுகைக் காட்டுவதுபோல.

ஒருநாள் காற்று ஒரு புடவையை அப்படியே தூக்கியது. பதறிப்போய்க் காலை மடக்கினேன். ரோட்டில் நின்ற அத்தனை பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். அவரும் என்னைப் போலக் கூச்சக்காரர்தான். “வெயில்ல கண்ணு கூசுது. அதான் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறோம்” என்றார், தட்டைப் பார்த்தபடி. உச்சி வெயில் எந்தப் பக்கம் கூசும் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு காற்று வந்தாலும் காலை மடக்கியதில்லை.

பையன் என்னைப்போலவே கறுப்பாகப் பிறந்தான். அம்மா உதட்டைப் பிதுக்கினாள். அதே பாயில் அவனைக் கிடத்தினோம். சொட்டு மருந்தும் கொடுத்தோம். ஒரு மத்தியானம், தொங்கிய புடவையைப் பிடித்துக்கொண்டு அவனாகவே எழுந்து நின்றான். அக்கா சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. நான் அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் நேராக இருந்தன.